வாஸான் பள்ளத்தாக்கில் சைக்கிள்: முதலில் ஓர்னோன், அப்புறம்தான் ஆல்ப் துயெஸ்

பிரான்சின் கிரெனோபிள் நகரத்திலிருந்து தென்கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் பூர் துவாஸான் என்ற சிறிய ஊர் வரும். ரோமான்ஷ் ஆற்றின் கரையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 720 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊரைச் சுற்றி மதில் எழுப்பிய மாதிரி மலை. அந்த மலைகளுக்குள் பிரிந்து ஏறும் சாலைகளில்தான் டூர் த பிரான்ஸ் பந்தயத்தின் பேர்போன ஏற்றங்கள் பல இருக்கின்றன. ஆல்ப் துயெஸ், குருவா த ஃபேர், கலிபியே மூன்றுக்கும் இந்த ஊரிலிருந்தே கிளம்பலாம். ஒரே அறையில் ஒரு வாரம் தங்கிக்கொண்டு, தினமும் காலையில் ஒரு பக்கம் போய்விட்டுத் திரும்பலாம். வாஸான் என்பது இந்தப் பகுதி முழுவதற்குமான பெயர்.

முதன்முறை வருகிறவர்கள் பெட்டியை அறையில் வைத்த கையோடு ஆல்ப் துயெஸ் ஏறக் கிளம்பிவிடுவார்கள். நானும் அப்படித்தான் கிளம்பினேன். நாலாவது வளைவில் இறங்கி, சாலையோரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொடை இரண்டும் கல்லாகக் கெட்டித்துப் போயிருந்தன. அடுத்த வருடம் மறுபடி போய், சின்ன ஏற்றத்திலிருந்து வரிசையாகப் பழகி, நாலாம் நாள் அதே சாலையில் ஓரிடத்திலும் கால் ஊன்றாமல் மேலே போய்ச் சேர்ந்தேன். அந்த ஒரு வருடத்தில் என் உடம்பில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. ஏறிய வரிசைதான் மாறியது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். சமதளத்தில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் களைக்காமல் ஓட்டத் தெரிந்த யாருக்கும் இது பொருந்தும்.

எப்போது, எப்படிப் போவது

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை நல்ல காலம். கலிபியே, குருவா த ஃபேர் போன்ற உயரமான கணவாய்கள் நவம்பர் வாக்கில் பனியால் மூடிவிடும். திறப்பதற்கு மே கடைசியோ ஜூன் தொடக்கமோ ஆகலாம். ஆல்ப் துயெஸ் சாலை மட்டும் வருடம் முழுக்கத் திறந்திருக்கும், ஏனென்றால் மேலே இருப்பது பனிச்சறுக்கு ஊர். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் இரண்டு வாரம்தான் சிறந்தது. வெயில் தணிந்திருக்கும், கார்கள் குறைந்திருக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும். ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தை ஒட்டி லா மார்மோத் என்ற பெரிய சைக்கிள் ஓட்டம் நடக்கும். 1982 முதல் நடக்கிற அதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் வருவார்கள். அந்த வாரத்தில் அறை கிடைப்பது பெரும்பாடு.

பாரிஸிலிருந்து கிரெனோபிளுக்கு அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம். அங்கிருந்து பூர் துவாஸானுக்குப் பேருந்து உண்டு. சொந்த சைக்கிளைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா என்று யோசித்தால், முதன்முறைக்கு வாடகையே மேல் என்பேன். ஊரிலேயே கடைகள் இருக்கின்றன, மலைக்குத் தகுந்த கியரோடு கொடுப்பார்கள். கடைக்குப் போகும்போது உங்கள் பெடலையும் சீட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு போனால் உடம்பு பழகிய இடத்தில் பழகியபடி உட்காரும்.

கியரைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன், இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எட்டு சதவீத ஏற்றத்தில், அதாவது நூறு மீட்டர் போனால் எட்டு மீட்டர் உயரும் சாலையில், சாதாரணமானவர் மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் போவார். முன்னால் மிதியோடு சுற்றும் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் சக்கரத்தோடு சுற்றும் பல்சக்கரத்தில் 34 பல் இருந்தால் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 63 சுற்று மிதிக்க வேண்டும். அது தாங்கும். முன்னால் 39, பின்னால் 25 என்று பழைய பந்தய சைக்கிள் கியரோடு போனால் நிமிடத்துக்கு 41 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதியும் மாடிப்படியில் மூட்டை தூக்குவது போலிருக்கும். ஒரு மணி நேரத்தில் முட்டி பேச ஆரம்பித்துவிடும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பின்சக்கரத்தில் மிகப் பெரிய பல்சக்கரம் எத்தனை பல் என்பது. 32க்குக் குறைந்தால் வாங்காதீர்கள். 34 கிடைத்தால் நல்லது.

இரண்டாவது கேள்வி பிரேக். நம்மூர் சைக்கிளில் வலக்கைப் பிடி முன்சக்கரத்துக்கு, இடக்கைப் பிடி பின்சக்கரத்துக்கு. பிரான்சில் தலைகீழ்: இடக்கைதான் முன்சக்கரம். இதை எனக்குக் கடையில் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஓர்னோன் கணவாயிலிருந்து இறங்கும்போது, வளைவுக்குள் பின்சக்கரத்தை லேசாகப் பிடிக்கலாம் என்று பழக்கதோஷத்தில் இடக்கையை இழுத்தேன். முன்சக்கரம் கடித்துக்கொண்டு, பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. மலைப்பக்கமாகச் சாய்ந்ததால் முழங்கைத் தோல் உரிந்ததோடு போயிற்று. பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். கடை வாசலிலேயே ஏறி, தெருவில் பத்து முறை நிறுத்திப் பாருங்கள். மாற்றித் தரச் சொன்னாலும் மாற்றித் தருவார்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குளிர் கூடும். ஊரில் 25 டிகிரி என்றால் கலிபியே உச்சியில் 12, 13 தான். அதில் வியர்வை நனைந்த சட்டையோடு மணிக்கு 50 கிலோமீட்டரில் இறங்கினால் பல் கிட்டிக்கும், விரல் பிரேக்கைப் பிடிக்காது. அதனால் ஜூலை மாதமானாலும் மெல்லிய காற்றுத்தடுப்புச் சட்டை, குளிருக்குக் கையில் மாட்டும் துணி உறை, முழு விரல் கையுறை மூன்றும் முதுகுப் பையில் இருந்தே ஆக வேண்டும். இரண்டு ட்யூப், டயர் நெம்புகோல், கையடக்க பம்ப், முன்னும் பின்னும் விளக்கு, கொஞ்சம் யூரோ காசு. ஹெல்மெட் பெரியவர்களுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை, 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான் கட்டாயம். ஆனால் இந்த இறக்கங்களில் ஹெல்மெட் இல்லாமல் யாரும் போகக் கூடாது. அவசர எண் 112.

சாலைப் பலகைகளில் நாலைந்து சொல் தெரிந்திருந்தால் போதும். கணவாய் அடிவாரத்தில் 'உவேர்' என்றிருந்தால் திறந்திருக்கிறது, 'ஃபெர்மே' என்றால் மூடியிருக்கிறது. 'ரூத் பாரே' என்றால் சாலை அடைப்பு. 'கிராவியோன்' என்றால் தாரின் மேல் புதிதாகச் சரளை கொட்டியிருக்கிறார்கள். இறக்கத்தில் இந்தச் சொல்லைப் பார்த்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள். ஊர்க் குழாய்களில் 'ஓ பொதாப்ல்' என்றால் குடிக்கலாம், முன்னால் 'நோன்' சேர்ந்திருந்தால் குடிக்கக் கூடாது.

சாலையில் வலப்பக்கமாகப் போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று: பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. கிராமத்துச் சந்திலிருந்து ஒரு கார் நிற்காமல் உங்கள் முன்னால் வந்தால் அவர் செய்தது சரி. அதற்குத் தயாராக இருங்கள்.

முதல் நாள்: ஏரியின் அடித்தளத்தில்

முதல் நாள் ஏற வேண்டாம். பூர் துவாஸானைச் சுற்றியுள்ள சமவெளியில் மட்டும் ஓட்டுங்கள். மலைக்கு நடுவே இப்படித் தட்டையான நிலம் எப்படி வந்தது என்றால், இது ஒரு காலத்தில் ஏரி. 1191இல் மலை சரிந்து ரோமான்ஷ் ஆற்றை அடைத்தது. தண்ணீர் தேங்கி ஏரியாகி, 28 வருடம் அப்படியே நின்றது. 1219 செப்டம்பரில் அடைப்பு உடைந்து, வெள்ளம் கிரெனோபிள் நகரத்தையே அடித்துக்கொண்டு போனது. நீங்கள் ஓட்டுகிற வயல்கள் அந்த ஏரியின் அடித்தளம்.

ரோஷ்தாயே வழியாக ஆல்மோன் கிராமம் வரை போய், வெர்னே ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். போகவர 20 கிலோமீட்டருக்குச் சற்று மேலே. இந்த ஓட்டத்தில் மூன்று விஷயம் பழக வேண்டும். ஒன்று பிரேக். இரண்டு, கியர் மாற்றும் நேரம்: ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும், கனத்தோடு மிதிக்கும்போது மாற்றினால் செயின் கழன்றுவிடும். மூன்று, காற்று. காலையில் இந்தப் பள்ளத்தாக்கு அமைதியாக இருக்கும். வெயில் ஏறி மலைச்சரிவுகள் சூடானதும் காற்று மேலெழும்பும், அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று பள்ளத்தாக்குக்குள் ஏறி வரும். அதாவது நண்பகலுக்குப் பிறகு ஆறு ஓடும் திசையில் போனால் எதிர்க்காற்று, ஆற்றுக்கு எதிராகப் போனால் முதுகுக்காற்று. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற நாட்களின் நேரத்தைப் போட்டிருக்கிறேன்.

இரண்டாம் நாள்: ஓர்னோன்

ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி லா போத் என்ற சிற்றூர். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பும் டி.526 சாலை ஓர்னோன் கணவாய்க்குப் போகிறது. சுமார் 11 கிலோமீட்டர் ஏற்றம், உச்சி 1,370 மீட்டர் அளவில். தொடக்கத்தில் லின்யார் ஓடையின் குறுகிய பள்ளத்துக்குள் சாலை சற்றுச் செங்குத்தாக ஏறும். அதன்பின் ஆறு சதவீதத்தை ஒட்டி நிதானமாகப் போகும். கார் அதிகம் வராது. ஓடையின் சத்தம் கூடவே வரும்.

கணவாயைக் 'கோல்' என்பார்கள். கோல் ஏறுகிற சாலைகளில் கிலோமீட்டருக்கு ஒரு சிறு பலகை சைக்கிள்காரர்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள். உச்சிக்கு இன்னும் எவ்வளவு தூரம், இப்போது என்ன உயரம், அடுத்த கிலோமீட்டரில் சராசரி ஏற்றம் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். இந்தப் பலகைகளைப் படித்து ஏறப் பழகுவதுதான் இன்றைய பாடம். அடுத்தது 4 சதவீதம் என்றால் தண்ணீர் குடித்து, எதையாவது வாயில் போட்டுக்கொள்ளலாம். 8 என்றால் முன்கூட்டியே கியரை இறக்கிவிடலாம்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல், பேச்சு. பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறதா? சரியான வேகம். மூச்சு நடுவில் அறுகிறதா? குறையுங்கள். முதல் மூன்று கிலோமீட்டர் வெட்கப்படும் அளவுக்கு மெதுவாகப் போக வேண்டும். கடைசி மூன்று கிலோமீட்டரில் அது திரும்பக் கிடைக்கும்.

இறக்கம்தான் புதியவர்களுக்கு ஆபத்து. ஏறும்போது யாரும் விழுந்து எலும்பை முறித்துக்கொள்வதில்லை. கொண்டை ஊசி வளைவு வருகிறது என்றால், வளைவுக்கு முன் நேராக இருக்கும் இடத்திலேயே பிரேக் வேலையை முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் போனபின் இழுக்கக் கூடாது. வளைவின் வெளிப்பக்கத்துக் காலைக் கீழே அழுத்தி, உடம்பின் எடையை அதன்மேல் வைத்து, உள்பக்கத்துப் பெடலை மேலே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சாயும்போது பெடல் தரையில் தட்டும். கண் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தாரைப் பார்க்கக் கூடாது, வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். கண் போகிற இடத்துக்குத்தான் சைக்கிள் போகும். ரிம்மைப் பிடிக்கும் பழைய வகை பிரேக் என்றால் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்காதீர்கள்; ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும். அழுத்தி விடுங்கள், மறுபடி அழுத்தி விடுங்கள். கை வலித்தால் வெட்கமே வேண்டாம், நிறுத்தி உதறிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: ஓய்வு

ஓய்வு என்றால் ஓய்வு. அரை மணி நேரம் சமதளத்தில் காலை உருட்டினால் போதும். சனிக்கிழமையாக வந்தால் இன்னும் நல்லது: பூர் துவாஸானில் சந்தை நாள். பழம், பாலாடைக்கட்டி, ரொட்டி எல்லாம் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். தவிர, அறை மாறுகிறவர்கள் சனிக்கிழமைதான் காரில் மேலே கீழே போவார்கள். பெரிய ஏற்றங்களைச் சனிக்கிழமையில் வைக்காமலிருப்பது நல்லது.

சாப்பாட்டு நேரமும் இங்கே ஒரு பாடம். பெரும்பாலான உணவகங்களில் மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரைதான், அதற்குப்பின் அடுப்பை அணைத்துவிடுவார்கள். மூன்று மணிக்கு மலையிலிருந்து பசியோடு இறங்கி வந்தால் ஒன்றும் கிடைக்காது. ரொட்டிக்கடை காலையில் சீக்கிரம் திறக்கும். கிளம்பும்போதே வாங்கி பையில் வைத்துவிடுங்கள். ஏறும் நாளில் மணிக்கு ஐம்பது கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். இரண்டு வாழைப்பழம், அல்லது ஏழெட்டுப் பேரீச்சம்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பசித்தபின் சாப்பிடுவது தாமதம்.

நாலாம் நாள்: ஆல்ப் துயெஸ்

13.8 கிலோமீட்டர், சராசரி 8.1 சதவீதம், 1,100 மீட்டருக்குமேல் உயரம். மணிக்கு எட்டு கிலோமீட்டரில் போனால் ஒன்றே முக்கால் மணி நேரம். காலை ஏழு மணிக்கு அடிவாரத்தில் இருங்கள். ஊருக்கும் அடிவாரத்துக்கும் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை என்பதால் கால் சூடேறாது. சமவெளியில் ஆறேழு கிலோமீட்டர் சுற்றி வந்துவிட்டுத் தொடங்குங்கள்.

21 கொண்டை ஊசி வளைவுகள். எண்கள் தலைகீழாகப் போகும்: கீழே முதல் வளைவு 21, மேலே கடைசி வளைவு 1. ஒவ்வொன்றிலும் ஒரு பலகை. அதில் வளைவின் எண், உயரம், இங்கே வென்ற வீரரின் பெயர். டூர் த பிரான்ஸ் முதன்முதலாக 1952இல் இங்கே வந்தபோது வென்றவர் இத்தாலியின் ஃபாஸ்டோ கொப்பி. வெற்றியாளர்கள் 21 பேரைத் தாண்டிவிட்டதால், கீழ் வளைவுகளிலிருந்து மறுபடி தொடங்கி ஒரே பலகையில் இரண்டு பெயர் எழுதியிருக்கிறார்கள். டூர் பல நாள் நடக்கும் பந்தயம், ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம். 2024இல் பெண்கள் டூரின் கடைசிக் கட்டம் இங்கேதான் முடிந்தது. அன்று கட்டத்தை வென்றவர் நெதர்லாந்தின் டெமி வோலரிங். ஆனால் ஒட்டுமொத்தப் பந்தயத்தை வெறும் 4 வினாடி வித்தியாசத்தில் போலந்தின் காசியா நியேவியாடோமா தட்டிக்கொண்டு போனார். நான் அந்தச் சாலையில் ஏறும்போதெல்லாம் அந்த நாலு வினாடி ஞாபகம் வரும்.

இந்த ஏற்றத்தின் சூட்சுமம் முழுவதும் தொடக்கத்தில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து 16ஆம் வளைவு வரைக்கும், அதாவது லா கார்து என்ற குடியிருப்பின் தேவாலயம் வரைக்கும், ஏற்றம் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆல்ப் துயெஸில் இதைவிடக் கடினமான பகுதி கிடையாது. உடம்பு புத்துணர்ச்சியோடு இருப்பதால் எல்லோரும் இங்கேதான் வேகமாக மிதித்துத் தீர்த்துவிடுகிறார்கள். நான் முதல் வருடம் நின்றதும் இந்தப் பகுதியில்தான். மிகச் சிறிய கியரைப் போட்டு, சீட்டிலேயே உட்கார்ந்து, மற்றவர்கள் கடந்து போவதைப் பொருட்படுத்தாமல் லா கார்து வரை போய்ச் சேருங்கள். அங்கிருந்து ஏற்றம் எட்டுக்கு இறங்கும். பத்துக்குப் பழகிய காலுக்கு எட்டு இலேசாகத் தெரியும்.

வளைவுகள்தான் ஓய்வு. வளைவின் உள்விளிம்பு செங்குத்து, வெளிவிளிம்பு கிட்டத்தட்டத் தட்டை. பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, வெளிப்பக்கமாக அகலமாகச் சுற்றுங்கள். நாலைந்து மிதிக்குக் கால் தளரும். அப்படி 21 முறை கிடைக்கிறது.

7ஆம் வளைவில் ஒரு சிறு தேவாலயம். டச்சுக்காரர்கள் வளைவு என்று அதற்குப் பெயர். 1976 முதல் 1989 வரை நெதர்லாந்து வீரர்கள் எட்டு முறை இந்த மலையை வென்றதால், டூர் வரும் நாளில் ஆரஞ்சுச் சட்டை போட்ட கூட்டம் அங்கே திரண்டுவிடும். சாதாரண நாளில் அமைதியாகக் கிடக்கும், தாரில் மங்கிப்போன பெயின்ட் எழுத்துகள் தெரியும். அடுத்து ஊயெஸ் கிராமம். அதற்குப்பின் பெரிய வெட்டவெளி. ஊர் கண்ணுக்குத் தெரியும், வருவேனா என்கும். ஊருக்குள் நுழைந்ததும் முதல் உணவகத்தருகே முடிந்துவிட்டதென்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். டூர் முடிகிற கோடு இன்னும் மேலே, 1,860 மீட்டரை ஒட்டி இருக்கிறது. அதுவரை போங்கள்.

திரும்பும்போது அதே 21 வளைவுகளில் இறங்க வேண்டியதில்லை. ஊயெஸ் கிராமம் வரை இறங்கி, அங்கிருந்து விலார்-ரெக்குலா கிராமத்துக்குப் பிரியும் டி.211பி சாலையைப் பிடியுங்கள். மலையின் விலாவில் செதுக்கிய குறுகலான சாலை. ஏற்ற இறக்கம் அதிகமில்லை. கீழே, கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோல், முதல் நாள் ஓட்டிய சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கும். என் கணக்கில் இந்தப் பள்ளத்தாக்கிலேயே அழகான நாலு கிலோமீட்டர் அதுதான். தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு. பார்க்க வேண்டுமென்றால் நிறுத்திப் பாருங்கள். விலார்-ரெக்குலாவிலிருந்து ஆல்மோன் பக்கமாக இறக்கம் செங்குத்து. ஓர்னோனில் பழகிய பிரேக் பாடம் இங்கே உதவும். மொத்தச் சுற்று 35 கிலோமீட்டருக்குள் அடங்கும்.

ஐந்தாம் நாள் ஓய்வு. ஆறாம் நாள்: குருவா த ஃபேர்

உயரம் 2,067 மீட்டர். ரோஷ்தாயேயிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். சராசரி சதவீதத்தைப் பார்த்து இலேசு என்று நினைத்துவிடக் கூடாது. நடுவில் இரண்டு இடத்தில் சாலை கீழே இறங்குகிறது, அந்த இறக்கம்தான் சராசரியைக் குறைத்துக் காட்டுகிறது. லெ ரிவியே கிராமம் தாண்டியதும் சாலை சரேலென்று ஒரு பள்ளத்துக்குள் விழும். அங்கே ஓடையைக் கடந்ததும் பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட ஒரு மேடு சுவர்போல எழும். கியரை இறக்கத்திலேயே மாற்றிவிடுங்கள். இந்த இடத்தைத் தெரியாமல் வருகிறவர்கள்தான் செயினை அறுத்துக்கொள்கிறார்கள்.

அதற்கு மேலே கிராந்-மேஸோன் அணை. முதல் நாள் கீழே பார்த்த வெர்னே ஏரியும் இதுவும் ஜோடி. மின்சாரம் மிச்சமிருக்கும் நேரத்தில் வெர்னேயிலிருந்து தண்ணீரைச் சுமார் 900 மீட்டர் உயரத்துக்கு இங்கே ஏற்றுவார்கள். தேவை கூடும் நேரத்தில் அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். பிரான்சிலேயே இந்த வகையில் பெரியது, திறன் 1,800 மெகாவாட். நீங்களும் அந்தத் தண்ணீர் ஏறிய உயரத்தைத்தான் ஏறி வந்திருக்கிறீர்கள்.

ஏரி தாண்டி இன்னொரு சிறு இறக்கம், பிறகு புல்வெளி, மாட்டு மணிச் சத்தம். இடப்பக்கம் கிளாந்தோன் கணவாய்க்குப் பிரியும் சாலை. அது 1,924 மீட்டர், பிரியும் இடத்திலிருந்து சில நூறு மீட்டர்தான், எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். நேரே இரண்டரைக் கிலோமீட்டர் போனால் குருவா த ஃபேர். பெயருக்கு இரும்புச் சிலுவை என்று பொருள். கல்தூணின்மேல் ஒரு சின்ன இரும்புச் சிலுவை நிற்கிறது. எதிரே ஆர்வ் ஊசிமுனைச் சிகரங்கள் மூன்று.

திரும்பும்போது அந்தப் பள்ளத்திலிருந்து மறுபடி ஏறித்தான் லெ ரிவியேவுக்கு வர வேண்டும். அதற்காகக் கொஞ்சம் பலத்தையும் ஒரு வாழைப்பழத்தையும் மிச்சம் வையுங்கள். கீழே ரோஷ்தாயேயிலிருந்து ஊருக்கு வரும் சமதளத்தில் மதியக் காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வரும்.

ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்குமேல் இடிமழை சகஜம். மேற்கே மேகம் கோபுரம்போல எழும்பினால் உச்சிக்கு எவ்வளவு தூரம் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். மழை பெய்கிற ஒரு நாளுக்கு வோஜானி போதும். ஆல்மோனுக்கு மேலே 1,250 மீட்டரில் இருக்கும் கிராமம், ஏற்றம் குட்டையானது, செங்குத்தானது, மழை வந்தால் ஒதுங்க இடம் உண்டு. வெனேயோன் ஆற்றின் வழியே லா பெரார்து வரை போகும் சாலையைப் பழைய வழிகாட்டிகள் புகழ்ந்திருக்கும். 2024 ஜூனில் வந்த வெள்ளம் அந்தச் சிற்றூரைச் சிதைத்துவிட்டது. ஊரிலுள்ள சுற்றுலா அலுவலகத்தில் சாலை நிலவரம் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். அங்கேயே இன்னொன்றும் கேளுங்கள்: கோடையில் சில காலைகளில் ஏதாவதொரு கணவாயைக் கார்களுக்கு மூடி, சைக்கிளுக்கு மட்டும் திறந்து விடுகிறார்கள். உங்கள் வாரத்தில் அப்படி ஒரு நாள் வந்தால் மற்ற திட்டத்தைத் தள்ளிப்போட்டு அதற்குப் போங்கள்.

ஏழாம் நாள்: கலிபியே

2,642 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரத்தைவிட ஐந்து மீட்டர் கூடுதல். தொட்டபெட்டா சிகரத்துக்கும் மேலே ஒரு தார்ச்சாலை போகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பூர் துவாஸானிலிருந்து முதலில் டி.1091 சாலையில் லொத்தாரே கணவாய் வரை 38 கிலோமீட்டர். பெரிய சாலை, லாரியும் வீட்டுவண்டியும் ஓடும். அதனால் விடியும்போதே கிளம்ப வேண்டும். வழியில் ஷாம்போன் அணையை ஒட்டியும் மேலேயும் சுரங்கப்பாதைகள் உண்டு. முன்விளக்கும் பின்விளக்கும் இல்லாமல் நுழையாதீர்கள், கருப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். 2015இல் இந்த அணைக்கு மேலே மலை நகரத் தொடங்கி, சுரங்கத்தையே மூட வேண்டி வந்தது. அந்த வருட டூர் த பிரான்ஸ் கலிபியேவைக் கைவிட்டு குருவா த ஃபேர் வழியாகப் போனது.

நூறு கிலோமீட்டருக்கு அருகில் போகவர ஓட்டுவது முதல் வாரத்துக்கு அதிகம் என்று தோன்றினால், லா கிராவ் கிராமம் வரை காரிலோ பேருந்திலோ போய் அங்கிருந்து ஏறுங்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை. வலப்பக்கம் 3,983 மீட்டர் உயர மேஜ் சிகரம் பனிப்பாறையோடு கூடவே வரும். லொத்தாரே 2,058 மீட்டர். அங்கே 1899இல் தொடங்கிய மலைத் தாவரத் தோட்டம் ஒன்று இருக்கிறது. தண்ணீரை இங்கே நிரப்பிக்கொள்ளுங்கள்.

லொத்தாரேயில் இடப்பக்கம் திரும்பினால் உச்சிக்கு எட்டரைக் கிலோமீட்டர். மரமில்லை, நிழலில்லை. காற்று மெலிந்திருப்பதால் நேற்று வந்த வேகம் இன்று வராது. பேச்சு அளவுகோலை நம்புங்கள். 2,556 மீட்டரில் ஒரு சுரங்கம். 1976 வரைக்கும் சாலை இதன் வழியாகத்தான் போனது. அதற்குச் சற்று முன்னால் பெரிய கல்தூண் ஒன்று: டூர் த பிரான்சைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சின் நினைவுச் சின்னம். 1911இல் பந்தயத்தை இந்த மலைக்கு முதன்முதலில் கொண்டுவந்தவர் அவர். சுரங்கத்துக்குள் சைக்கிள் போகக் கூடாது. வலப்பக்கம் மேலே ஏறும் கடைசி ஒரு கிலோமீட்டர்தான் இந்த நாளின் செங்குத்தான பகுதி, பத்து சதவீதம் வரும். தூணருகே இரண்டு நிமிடம் நின்று மூச்சு வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

உச்சியில் நிற்க இடம் குறைவு, காற்று அதிகம். படம் எடுப்பதற்கு முன்பே சட்டையையும் கையுறையையும் போட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த பின் போட்டால் சூடேறாது. பத்து நிமிடத்துக்குமேல் நிற்காதீர்கள், ஏனென்றால் திரும்பும் வழி முழுவதும் ஆறு ஓடும் திசை. நண்பகல் தாண்டினால் எதிர்க்காற்று முகத்தில் அறையும்.

லா கிராவ் வந்ததும் நிறுத்துங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து சூடாக ஏதாவது குடியுங்கள், விரல்களை மடக்கி நீட்டுங்கள். ஏறும்போது சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தவர்களுக்கு மேஜ் சிகரத்தை நிமிர்ந்து பார்க்க இதுதான் இடம். கிளம்பும் முன் பின்விளக்கு எரிகிறதா என்று கையை வைத்து மறைத்துப் பாருங்கள். கீழே ஷாம்போனுக்கு முன்னால் இன்னும் சுரங்கம் இருக்கிறது.